ரிவால்வரில் பிஸ்டல் தோட்டா: தேர்ந்தெடுப்பதும் மறுநிரப்புவதும்

ரிவால்வருக்கான .38 ஸ்பெஷல் தோட்டா ஒன்றையும் பிஸ்டலுக்கான 9 மி.மீ. தோட்டா ஒன்றையும் மேசைமேல் நிறுத்தி, அடிப்பகுதியை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். முதலாவதில் நகம் வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பில் தட்டும். இரண்டாவதில் உட்பக்கமாகக் கடைந்த ஒரு பள்ளத்தில் இறங்கும். இனிச் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

ரிவால்வரில் அந்த விளிம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. தோட்டா அறைக்குள், அதாவது சுழலும் சிலிண்டரில் அது உட்காரும் துளைக்குள், அளவு மீறி இறங்கிவிடாமல் சிலிண்டரின் பின்முகத்தில் தாங்கி நிற்பது ஒன்று. சுட்ட பின் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் என்னும் வெளியேற்றும் உறுப்பு பின்னோக்கித் தள்ளும்போது அதற்குப் பிடி கொடுப்பது மற்றொன்று. பிஸ்டலின் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், பிதுங்கிய விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஆகவே பிஸ்டல் தோட்டாவில் விளிம்பைக் கூட்டின் (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறையின்) விட்டத்துக்குள்ளேயே அடக்கி, அதற்கு முன்னால் ஒரு பள்ளத்தைக் கடைந்துவிட்டார்கள். இந்தத் தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கூட்டின் வாய் முடிவு செய்கிறது: அறைக்குள் இருக்கும் ஒரு படியில் வாய் முட்டி நின்றுவிடும். எனவே பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரில் போட்டால் முதல் வேலைக்கு அந்தப் படி போதும். இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் இல்லை. தோட்டா வெடிக்கும், குண்டு இலக்குக்குப் போகும், வெற்றுக்கூடு மட்டும் அறையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதை முன்பக்கத்திலிருந்து ஒரு குச்சியாலோ பென்சிலாலோ ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டியிருக்கும்.

இதற்கான விடை 1917ஆம் ஆண்டின் அவசரத்தில் பிறந்தது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அதன் படைக்கு வேண்டிய அளவு எம்1911 பிஸ்டல்கள் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரு நிறுவனங்களும் தங்கள் பெரிய சட்டம் (உடற்பகுதி) கொண்ட ரிவால்வர்களை அந்தப் பிஸ்டலின் .45 ஏசிபி தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, எம்1917 என்ற பெயரில் இரண்டும் சேர்ந்து சுமார் 3 லட்சம் செய்து கொடுத்தன. மூன்று தோட்டாக்களின் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும் பிறை வடிவ எஃகுத் தகடு அப்போது வந்ததுதான். ஹாஃப் மூன் கிளிப் என்ற பெயர் அந்த வடிவத்தால் வந்தது. ஆறு தோட்டாக்களையும் ஒரே வட்டத்தில் பிடிக்கும் ஃபுல் மூன் கிளிப் பிற்காலத்தது. கோல்ட் தயாரித்த தொடக்ககாலத் துப்பாக்கிகளில் அறைக்குள் படி கிடையாது, துளை ஒரே நேராக இருக்கும். கிளிப் இல்லாமல் போட்டால் தோட்டா முன்னோக்கி நழுவிவிடும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பின்முள் அதை எட்டாது. அந்தத் தொடக்ககாலக் கோல்ட் துப்பாக்கிதான் இந்த ரகத்தின் அடிப்படை உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது: இங்கே கிளிப் என்பது துப்பாக்கியின் ஓர் உறுப்பு. அதைத் துணைப்பொருளாக நினைத்து, கடைசியில் கைக்குக் கிடைத்ததை வாங்கிப் போடுபவர்கள்தாம் பிறகு துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள்.

எதற்காக இதை வாங்குவது

ஏற்கெனவே அதே தோட்டாவைச் சுடும் பிஸ்டல் உங்களிடம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே தோட்டா போதும் என்பது பலரும் முதலில் சொல்லும் காரணம். அது நியாயமானதுதான், ஆனால் வலுவானது அன்று. பிஸ்டலில் குறையின்றி ஓடும் எல்லாத் தோட்டாவும் ரிவால்வரில் அப்படியே ஓடுவதில்லை என்பதைக் கீழே பார்ப்போம்.

இதைவிட நல்ல காரணம் மறுநிரப்பும் வேகம். ஆறு தோட்டாக்களும் ஒரே துண்டாக உள்ளே போகின்றன, ஒரே துண்டாக வெளியே வருகின்றன. அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டியாளர் ஜெர்ரி மிக்குலெக் 1999இல் .45 ஏசிபி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 ரிவால்வரால் ஆறு முறை சுட்டு, மறுநிரப்பி, மீண்டும் ஆறு முறை சுட எடுத்துக்கொண்ட மொத்த நேரம் 2.99 விநாடி. அவருடைய கை நம் யாருக்கும் வாய்க்காது என்றாலும், அந்தச் சாதனைக்கு மூன் கிளிப் ஏன் தேவைப்பட்டது என்பது எளிதில் புரியும். வெளியேற்றுவதிலும் ஓர் ஆதாயம் இருக்கிறது: .357 மேக்னம் கூடு ஏறக்குறைய 33 மி.மீ. நீளம், 9 மி.மீ. கூடு 19 மி.மீ.தான். குட்டைக் குழல் ரிவால்வரில் நட்சத்திரத்தைத் தள்ளும் எஜெக்டர் தண்டும் குட்டையாகவே இருக்கும் என்பதால் மேக்னம் கூடு பாதிதான் வெளியே வந்து தொங்கும், 9 மி.மீ. கூடு முழுவதுமாக வெளியே வந்துவிடும். வெற்றுக்கூடு நழுவி நட்சத்திரத்துக்கு அடியில் சிக்கிக்கொள்வது ரிவால்வரின் மிக மோசமான தடைகளில் ஒன்று. கிளிப்பில் பிணைந்திருக்கும் கூடு அப்படி நழுவ முடியாது.

குட்டைக் குழலில் 9 மி.மீ. தோட்டாவுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அது முதலிலிருந்தே பிஸ்டலின் சிறு குழலுக்காக, வேகமாக எரியும் மருந்தோடு உருவானது. அதன் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கோ 17,000தான். ஆகவே அதே அளவுள்ள சிறு ரிவால்வரில் 9 மி.மீ. தோட்டா .38ஐவிடத் தெளிவாக வலிமை கூடியது. அந்த வலிமையை உங்கள் உள்ளங்கையும் உணரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இரண்டு தோட்டாவை மட்டும் சுட்டிருந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்ற முடியாது. மீதியுள்ள நல்ல தோட்டாக்களோடு கிளிப் முழுவதையும் மாற்றியாக வேண்டும். கிளிப் வளைந்தால் துப்பாக்கி நின்றுவிடும். இந்த இரண்டும் உங்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றினால் விளிம்புள்ள தோட்டாவுக்கான சாதாரண ரிவால்வரோடு இருந்துவிடுவதே நல்லது.

எந்தத் தோட்டா, எந்த அமைப்பு

.45 ஏசிபி இந்த ரகத்தின் மூத்த பிள்ளை; மறுநிரப்புவதற்கு இதைவிட எளிதானது இல்லை என்றே சொல்வேன். கூடு குட்டை, தடிமன். குண்டின் மூக்கு உருண்டது. கிளிப்பும் மற்ற அளவுகளுக்கானதைவிடத் தடித்தது என்பதால் எளிதில் வளையாது. இதன் உச்ச அழுத்த வரம்பு 21,000 பவுண்டுதான். இலக்குப் பயிற்சிக்கும் போட்டிக்கும் முதல் துப்பாக்கி கேட்பவருக்கு 625 போன்ற பெரிய சட்டத் துப்பாக்கியையே நான் கைகாட்டுவேன். கிளிப்பே வேண்டாம் என்பவருக்கு இதில் மட்டும் ஒரு மாற்றுவழியும் உண்டு: 1920இல் பீட்டர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த .45 ஆட்டோ ரிம், அதே தோட்டாவுக்குக் கிளிப்பின் தடிமனையும் சேர்த்து ஈடுசெய்யும் கனமான விளிம்பு வைத்தது.

9 மி.மீ. ரகத்தில் வகைகள் அதிகம். கைக்கடக்கமான ஐந்து தோட்டா ரூகர் எல்சிஆர் சுமார் 490 கிராம். போட்டிக்கென்றே வந்த எட்டு தோட்டா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 929 அதற்கு நேர் எதிர் முனை. 10 மி.மீ. ஆட்டோ வலிமை தேடுபவர்களுக்கானது. 610 போன்ற 10 மி.மீ. ரிவால்வரில் கிளிப்போடு .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவையும் சுடலாம். இரண்டின் விட்டமும் ஒன்றே, நீளம்தான் குறைவு. கிளிப் இங்கே தோட்டாவைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதால், கூட்டின் வாய் படியை எட்டவில்லை என்பது பொருட்டாவதில்லை.

இனி வெற்றுக்கூட்டை வெளியேற்றும் அமைப்பு. பெரும்பாலானவை மூன் கிளிப்பை நம்பியவை. சில துப்பாக்கிகள் நட்சத்திரத்திலேயே வில் வைத்த பிடிகளைக் கொண்டு பள்ளத்தைப் பற்றிக்கொள்கின்றன. 1980களில் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 547, பின்னாளில் வந்த சார்ட்டர் ஆர்ம்ஸ் பிட்புல் ஆகியவை அவ்வகை. கிளிப் தொல்லை இவற்றில் இல்லை; ஆனால் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தி உள்ளே தள்ள வேண்டும், மறுநிரப்பும் வேகம் போய்விடும். மூன்றாவது வகை ரூகர் பிளாக்ஹாக் கன்வெர்ட்டிபிள் போன்ற சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் பின்னிழுக்க வேண்டிய) துப்பாக்கி. அதில் தண்டு ஒவ்வொரு கூட்டையும் முன்னாலிருந்தே பின்னோக்கித் தள்ளுவதால் விளிம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை; .357 சிலிண்டரைக் கழற்றிவிட்டு 9 மி.மீ. சிலிண்டரை மாட்டிக்கொள்ளலாம். குழல் மட்டும் .357க்கானது, அதன் குண்டு விட்டம் 9.07 மி.மீ.; 9 மி.மீ. தோட்டாவின் குண்டு 9.02 மி.மீ. இந்த நூலிழை வேறுபாட்டால் சில துப்பாக்கிகளில் குறி சற்றுப் பரவும், சிலவற்றில் தெரியவே தெரியாது.

பழைய வெப்ளி ரிவால்வர் பற்றி ஓர் எச்சரிக்கை. .455 தோட்டாவுக்காகச் செய்த வெப்ளி மார்க் 6 துப்பாக்கிகள் பலவற்றின் சிலிண்டர் பின்முகத்தைச் சீவி, ஹாஃப் மூன் கிளிப்போடு .45 ஏசிபி போடும்படி மாற்றி விற்றிருக்கிறார்கள். தோட்டா உள்ளே போகிறது என்பதற்காக அதைச் சுடலாம் என்று பொருளில்லை. ஆலையில் செய்த முழு வலிமை .45 ஏசிபி தோட்டாவின் அழுத்தம், அந்தச் சிலிண்டர் தாங்குவதற்கென்று சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது. அழகுப் பொருளாக வாங்கலாம். சுடுவதற்கு வாங்க வேண்டாம்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்ப்பது

சிலிண்டர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, நட்சத்திரத்தை உயர்த்தி அதன் அடிப்பக்கத்தையும், கிளிப் உட்காரும் வட்டக் குழிவையும் பாருங்கள். அந்தக் குழிவு சுத்தமாகவும் சமமாகவும் கடையப்பட்டிருக்க வேண்டும்; அங்கே ஒரு பிசிறு நின்றால் கிளிப் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அறைவாய்களின் ஓரம் லேசாகச் சரிவாக மழிக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சரிவு இருந்தால் குண்டின் மூக்கு தானாக வழுக்கி உள்ளே போகும். கூரான ஓரம் இருந்தால் தடுக்கும். துப்பாக்கியோடு வரும் கிளிப்பில் மருந்தில்லாத போலித் தோட்டாக்களை ஏற்றிச் சிலிண்டரில் போட்டு மூடி, ஹேமரை லேசாகப் பின்னிழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைக் கையால் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றிலும் எங்கும் உரசக் கூடாது.

சிலிண்டரின் நீளத்தையும் கவனியுங்கள். .357க்கான நீளமான சிலிண்டரில் 9 மி.மீ. அறை வெட்டியிருந்தால், குண்டு குழலை எட்டுமுன் வெகுதூரம் தாண்ட வேண்டியிருக்கும். அது துப்பாக்கியைக் கெடுத்துவிடாது என்றாலும், 9 மி.மீ. தோட்டாவுக்கென்றே குட்டையாகச் செய்த சிலிண்டர் எனக்குப் பிடிக்கும்.

கிளிப் எங்கே கிடைக்கும், எத்தனை வகை கிடைக்கும் என்று விசாரிக்காமல் துப்பாக்கிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஐந்து தோட்டா கிளிப் இன்னொரு நிறுவனத்தின் ஐந்து தோட்டாத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. குறைந்தது பத்துக் கிளிப்பாவது இல்லாமல் ஒரு நாள் பயிற்சி சரியாக நடக்காது.

தோட்டா, கூடு, கிளிப்: மூன்றும் சேர்ந்தே பொருந்தும்

கிளிப் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. தோட்டாக்கூட்டின் பள்ளமோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அகலத்திலும் ஆழத்திலும் சிறிது மாறும். பிஸ்டலுக்கு அந்த மாற்றம் தெரியாது, கிளிப்புக்குத் தெரியும். ஒரு கூட்டில் தோட்டா தளர்ந்து தலையாட்டும், இன்னொன்றில் ஏற்றும்போதே தகடு வளையும். தளர்ந்தால் மறுநிரப்பும்போது மூக்குகள் ஆளுக்கொரு திசையில் பார்க்கும்; பின்முள்ளின் அடியில் ஒரு பகுதி தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே வீணாகி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்காமலும் போகலாம். எனவே ஒரே தயாரிப்பாளரின் தோட்டாக்களைத் தேர்ந்தெடுத்து, அதன் கூட்டுக்கு எந்தக் கிளிப் சரியாக இருக்கிறது என்று சோதித்து, அந்த இணையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய கிளிப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் தோட்டாக்கள் லேசாக அசைய வேண்டும், ஆனால் தொங்கக் கூடாது. சிறிதும் அசையாத இறுக்கமும் குறைதான். ஒவ்வொரு தோட்டாவும் தன் அறையை நோக்கிச் சற்று நகர இடம் வேண்டும்.

குண்டின் வடிவத்தில் உருண்ட மூக்கே சிறந்தது. தட்டை மூக்கும் குழி மூக்கும் அறைவாயின் ஓரத்தில் முட்டி நிற்கும். போட்டித் துப்பாக்கியில் விசையை மென்மையாக்க வில்லைத் தளர்த்தியிருந்தால் பிரைமரின் கடினமும் கணக்கில் வந்துவிடும். ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்று போட்டியாளர்கள் தேடி வாங்குவது இதனால்தான்.

குண்டு நகர்தல் என்னும் சிக்கல் எடை குறைந்த துப்பாக்கிகளுக்கே உரியது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ரிவால்வர் தோட்டாவில் கூட்டின் வாய் குண்டின் பள்ளத்துக்குள் சுருட்டி மடக்கப்பட்டிருக்கும். பிஸ்டல் தோட்டாவின் வாயே படியில் முட்டி நிற்க வேண்டியது என்பதால் அதை அப்படி மடக்க முடியாது. லேசாக நெருக்கி மட்டும் விடுவார்கள். ஒரு தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடு துப்பாக்கியோடு பின்னே வருகிறது. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஐந்து முறை இப்படி நடந்தால் கடைசித் தோட்டாவின் குண்டு கூட்டிலிருந்து நழுவி, சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு, குழலின் பின்முனையில் முட்டும். சிலிண்டர் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் முழு நீளத்தை அளவுகோல் இடுக்கியால் அளந்து, அதன் அடிப்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கிளிப்பில் ஏற்றுங்கள். அது கடைசியில் வரும்படி சிலிண்டரை நிறுத்தி, மற்ற அனைத்தையும் சுட்டுவிட்டு, அதை மட்டும் எடுத்து மீண்டும் அளவுங்கள். அதே தோட்டாவை அடுத்த கிளிப்பிலும் இப்படியே சோதியுங்கள். நீளம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடியிருந்தால் அந்தத் தோட்டா பிஸ்டலுக்குப் போகட்டும். இந்த ரிவால்வருக்கு ஆகாது. பொதுவாகக் கனம் குறைந்த குண்டு குறைவாகவே நகரும். எஃகுச் சட்டத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை அரிது.

கிளிப்பில் ஏற்றுவதும் இறக்குவதும்

.45க்கான கிளிப்பில் விரலாலேயே ஏற்றிவிடலாம். கட்டை விரல் நுனி சிவந்துபோகும், அவ்வளவுதான். 9 மி.மீ. கிளிப்புக்குக் கருவி வேண்டும். தகட்டைச் சமமாகத் தாங்கிக்கொண்டு தோட்டாவைப் பள்ளத்தோடு வெளியிலிருந்து உள்ளே அழுத்தும் இடுக்கி அல்லது நெம்பு அமைப்புகள் கிடைக்கின்றன. வெற்றுக்கூடுகளை இறக்குவதற்கு ஒரு பக்கம் வெட்டிய சிறு எஃகுக் குழாய் போதும்: குழாயைக் கூட்டின் வாய்மேல் செருகி, வெளிப்பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினால் கூடு கழன்று விழும். வெற்றுக்கூட்டைப் பிடித்து வெறுங்கையால் நெம்புவதுதான் கிளிப் வளைவதற்கு முதல் காரணம்.

கழற்றிய ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, விரலால் ஓரங்களைத் தட்டிப் பாருங்கள். நேரான கிளிப் சத்தமில்லாமல் படுத்திருக்கும். வளைந்தது ஒரு காலைத் தூக்கி டிக் டிக் என்று ஆடும். ஆடுவதை நேராக்க முயலாமல் தூக்கிப் போட்டுவிடுவது மேல். நேராக்கிய கிளிப் மறுபடி வளையும், அதுவும் பெரும்பாலும் போட்டி நடுவில்தான் வளையும். சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ கிளிப்பைத் தனியாகப் போட்டு நடக்காதீர்கள். நடுவில் ஒரு தண்டோ காந்தமோ வைத்துப் பிடிக்கும் உறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மறுநிரப்பல், படிப்படியாக

இங்கே சொல்வது வலக்கைக்காரருக்கானது. முதலில் போலித் தோட்டாக்களை மட்டும் வைத்து, உண்மைத் தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், மெத்தை விரித்த கட்டிலுக்கு முன்னால் நின்று பழகுங்கள். கீழே விழும் கிளிப் தரையில் மோதி வளையாமல் இருக்க அந்த மெத்தை.

கடைசிச் சூடு முடிந்ததும் சுட்டுவிரல் விசையை விட்டு வெளியே வந்து சட்டத்தின் பக்கவாட்டில் படிய வேண்டும். அதற்குப் பிறகே வேறு எந்த அசைவும். வலக் கட்டைவிரலால் தாழ்ப்பாளை விடுவியுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அதை முன்னோக்கித் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னோக்கி இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும். அதே நேரத்தில் இடக்கை துப்பாக்கியின் அடியில் வந்து, நடுவிரலும் மோதிரவிரலும் சட்டத்தின் திறப்பு வழியே சிலிண்டரை வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ள, துப்பாக்கி முழுவதும் இடக்கைக்கு மாறிவிடும்.

இப்போது குழல் வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி, எஜெக்டர் தண்டை ஒரே ஒரு முறை, முழு நீளமும் நேராக அடியுங்கள். பாதி அடியில் நிறுத்தித் திரும்ப அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. கூடுகள் கிளிப்போடு ஒரே கொத்தாக விழும் சத்தம் கேட்கும். ஆறு கூடு சிதறும் கலகலப்பு இருக்காது, ஒரு ‘தட்’ மட்டும்தான்.

குழலைத் தரை நோக்கித் திருப்பித் துப்பாக்கியை வயிற்றுக்கு அருகில் கொண்டுவாருங்கள். அதற்குள் வலக்கை இடுப்பிலிருந்து புதிய கிளிப்பை எடுத்திருக்க வேண்டும். கட்டைவிரலும் நடுவிரலும் தோட்டாக்களின் உடலைப் பிடிக்க, சுட்டுவிரல் நுனி ஒரு குண்டின் மூக்கைத் தொட்டபடி வரட்டும். அந்த மூக்கை ஓர் அறையின் வாய்க்குக் காட்டுங்கள். ஒன்று வழி கண்டுவிட்டால் மற்றவை தாமாக இறங்கும். கையை விட்டுவிடுங்கள், எடையே உள்ளே இழுத்துக்கொள்ளும். இறங்கவில்லையென்றால் அழுத்தாமல் கிளிப்பைச் சற்றே அசைத்துக் கொடுங்கள்.

வலக்கை பிடியைப் பற்றியதும் இடக் கட்டைவிரலால் சிலிண்டரை அமைதியாக உள்ளே தள்ளி மூடுங்கள். திரைப்படத்தில் வருவதுபோல மணிக்கட்டை வெட்டி மூடினால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை நாளடைவில் வளைந்து, அறையும் குழலும் நேர்கோட்டில் நில்லாமல் போகும். மூடியபின் சிலிண்டரை ஒரு நூலளவு திருப்பினால் பூட்டு விழும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபிறகே துப்பாக்கியை இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். இடக்கைக்காரர் துப்பாக்கியை இடக்கையிலேயே வைத்துக்கொண்டு, அதன் சுட்டுவிரலால் தாழ்ப்பாளை இயக்கி, வலக்கையால் நிரப்பப் பழகலாம்.

இதை வேகமாகச் செய்ய முயலாதீர்கள். ஒரு வாரம் எண்ணி எண்ணி, ஒவ்வோர் அசைவையும் தனியாகச் செய்தால், எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று தெரியும். பெரும்பாலோருக்கு அது கிளிப்பை உள்ளே விடும் இடமாக இராது. உறையிலிருந்து கிளிப்பை எடுக்கும் இடமாகவே இருக்கும்.

வெடிக்காத தோட்டா

பயிற்சித் திடலில் விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே மறுபடி இழுக்க வேண்டாம். ரிவால்வரில் மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்று அந்தத் தோட்டா குழலை விட்டு விலகிவிடும்; அது தாமதமாக வெடிக்கும் தோட்டாவாக இருந்தால் போக வழியில்லாத இடத்தில் வெடிக்கும். குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து, பிறகு திறந்து பிரைமரைப் பாருங்கள். ஆழமான தடம் இருந்தால் குறை தோட்டாவில். மேலோட்டமான தடம் இருந்தால் கிளிப் வளைந்திருக்கிறது, அல்லது வில் தளர்ந்திருக்கிறது. முதலில் அதே தோட்டாவை நேரான வேறொரு கிளிப்பில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மேலோட்டமான தடமே விழுந்தால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, காலியாக்கிய துப்பாக்கியின் குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரத்தின் அடியிலும் கிளிப் உட்காரும் குழிவிலும் படிந்த புகைக்கரியைத் துலக்குங்கள். அங்கே காகிதத் தடிமனுக்குக் கரி சேர்ந்தாலே கிளிப் உயர்ந்து உரசத் தொடங்கும். 929 போன்ற துப்பாக்கிகளின் டைட்டானியம் சிலிண்டரை மட்டும் உராய்ப்புப் பொடியாலோ கரடுமுரடான துடைப்பானாலோ தேய்க்காதீர்கள், அதன் மேல்பூச்சு போய்விடும். கிளிப்புகளைத் துடைத்து, எண்ணெய் விரலால் ஒரு முறை தடவி, மீண்டும் ஒருமுறை கண்ணாடிமேல் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் அடுக்குங்கள்.